பொருந்தியது உனக்கு

கோயம்புத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பூங்கோதைக்கு,

அக்காள் ராசாத்தாள் எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ எடுத்தவுடன் உன் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார். அவர் காதில் விழ நான் உன்னோடு சண்டை போட முடியுமா? அதனால் கூரியரில் அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

தம்பி லட்சுமணசாமிக்கு மூன்றாம் சுற்று மருந்து முடிந்தது. ரத்தத்தில் புற்று அணு இப்போது அடங்கியிருக்கிறதாம். அது மறுபடி தலைதூக்குவதற்குள் உடன்பிறந்தவரின் ஸ்டெம் செல்லை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் தாய் அணுவை, ஏற்றிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் ஷாநவாஸ் சொல்லிவிட்டார். சோமனூர்த் தறிச் சத்தத்தையும் மீறி அதட்டிய குரல் இப்போது தண்ணீர் கேட்கவே திணறுகிறது. உன்னிடம் போனில் மட்டும் தெம்பாகப் பேசுவான். நீ பயந்துவிடுவாயாம். அந்தக் கரிசனம் என்மேல் இல்லை. அக்காள்தானே, பக்கத்தில் கிடந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைப்பு.

பொருத்தம் பார்க்க முதலில் கை நீட்டியது நான். குலதெய்வத்துக்குக் காணிக்கை முடிந்து வைத்துவிட்டுத்தான் போனேன். நீயோ அங்கே கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் துடைத்துத் தபாலில் போட்டாய். எனக்குப் பாதிதான் பொருந்தியது. உனக்கு முழுக்கப் பொருந்திவிட்டது. தம்பி பெண்டாட்டி பிரேமா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது, அம்மணி.

அதோடு விட்டதா? வெள்ளகோவில் சென்னியம்மாள் அத்தை பார்க்க வந்தார். வார்டு வாசலில் நின்றுகொண்டு, "பொருந்தாம எப்படிங்க போகும்? இணைச்சீர் செஞ்சவ அவதானுங்களே" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். அம்மா போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவளாகப் பக்கத்தில் இருந்து அந்தச் சீரைச் செய்ய வேண்டியவளும் நான். அந்த வருஷம் பார்த்து என் வீட்டுக்காரர் தவறிப்போனார். தாலியறுத்தவள் சீர் செய்யக் கூடாது என்று இதே அத்தைதான் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை உன் கையில். நான் பந்திக்கு இலை போடுகிற இடத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். இப்போதும் அதே கதைதான்.

மனசு கேட்காமல் டாக்டரிடமே போய், சீர் செய்தவளுக்குத்தான் பொருந்துமா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "கூடப்பிறந்தவங்கள்ல நாலு பேர்ல ஒருத்தருக்கு முழுசாப் பொருந்தற வாய்ப்புங்க. யாருக்கு அமையும்னு சொல்ல முடியாதுங்க" என்றார். அத்தையிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

எலும்பைத் துளைப்பார்களோ என்று நீ பயப்படுவதாகப் பிரேமா சொன்னாள். உனக்கு அது தேவைப்படாதாம், ரத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்வார்களாம். டாக்டர் எனக்கு விளங்கச் சொன்னதை எழுதுகிறேன். காலில் முள் குத்தினால் அந்த இடத்திலிருந்து கீமோகைன் என்று ஒரு சேதி கிளம்புமாம். வெள்ளை அணுக்களின் மேல் அதைப் பிடிக்க ஏற்பிகள் இருக்கின்றன. சேதி வந்த பக்கமாக அவை அணுக்களை இழுத்துப் போகும். முள் குத்திய இடம் வீங்குவது அப்படிக் கூட்டம் சேர்வதாலும்தானாம். ஸ்டெம் செல் எலும்பு மஜ்ஜையை விட்டு நகராமல் இருப்பதும் அப்படி ஒரு ஏற்பியால்தான். இங்கேயே இரு, இங்கேயே இரு என்று மஜ்ஜை சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். உனக்குச் சில நாள் ஊசி போட்டு அணுக்களை ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். போதவில்லையென்றால் அந்த ஏற்பியை அடைக்க இன்னொரு ஊசி. பிடி விட்டுவிடும். ஒரு கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் பிரித்து, மிச்சத்தை மறு கையில் ஏற்றிவிடுவார்கள். கொஞ்ச நாள் எலும்பு வலிக்கும், தலை வலிக்கும். அணுக்கள் தம்பி உடம்புக்குள் போனதும், அதே ஏற்பியை வைத்து அவன் மஜ்ஜையைத் தேடிக் கண்டுபிடித்துக் குடியேறுமாம். புற்று அணுவுக்கும் அந்த ஏற்பி உண்டு. அதை வைத்துத்தான் மருந்துக்குத் தப்பி மஜ்ஜைக்குள் பதுங்குகிறது, திருட்டு நாய்.

என்னுடையதும் வழி கண்டுபிடித்துப் போய்விடுமே டாக்டர் என்றேன். "போயிருமுங்க. ஆனா அவர் உடம்போட சண்டை போட்டுட்டே இருக்கலாமுங்க. உங்களுக்குச் சர்க்கரையும் இருக்குது, வயசும் ஆச்சு. தங்கச்சி இருக்கறப்ப எதுக்குங்க?" என்றார். என் குணம் என் அணுவுக்கு இல்லாமலா போகும்?

தருகிறவர் தன் மனசோடு வர வேண்டும், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். நான் கட்டாயப்படுத்தவில்லை, கெஞ்சுகிறேன். கெஞ்சுவதும் அதில் சேருமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. உன் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று உன் வீட்டுக்காரரிடம் டாக்டரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். தம்பிக்கும் எனக்கும் ஓ குரூப். உனக்கு பி. உன் அணு அவனுக்குள் பிடித்துவிட்டால், நாளாக நாளாக அவன் ரத்தமும் பி ஆகிவிடுமாம். கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கும் அவனுக்கும் மட்டும் என்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் நீயே எடுத்துக்கொள், கண்ணு. வந்து எடுத்துக்கொள்.

நோய் நொடியில்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். உன் ரத்தத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அது இனி அவனுடையதும்தான்.

உன் அக்காள்,
ராசாத்தாள்