போனின் பின்பக்கம்

உத்ரெக்ட், நெதர்லாந்து,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். குளிர்கூடப் பழகிவிட்டது.

போன வாரம் வீடியோவில் என் முகம் தெரிந்ததும் நம் முகிலன் போனைப் பிடுங்கித் திருப்பிவிட்டானே, "உன் மேல கோச்சிக்கினு இருக்கான் போல இருக்குதுமா" என்று நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைக்கே என் முகம் மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேற்று எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவன் வயதில் ஒரு குழந்தை வந்தது. அதன் அம்மா பக்கத்து அறையில் உட்கார்ந்து திரை வழியாகப் பேசினாள். குழந்தை சற்றுப் பார்த்துவிட்டுத் திரையைத் தள்ளியது. அதன் பின்னால் கையை விட்டுத் துழாவியது. அம்மா அங்கேதான் ஒளிந்திருக்கிறாள் என்று அதற்கு அவ்வளவு நம்பிக்கை!

அன்று முகிலனும் போனைத் திருப்பியதும் பின்பக்க உறையைச் சுரண்டினான் என்று நீங்களே சொன்னீர்களே. அவன் கோபித்துக்கொள்ளவில்லை, மாமா. என்னைத் தேடியிருக்கிறான். ஊரார் பிள்ளைகளைக் கவனிப்பதே என் படிப்பு, நம் பிள்ளையைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நேற்று இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

அத்தையிடம் சொல்லிப் பூண்டுப்பொடி அனுப்புங்கள். நான் கூப்பிடும்போது போனை அத்தை பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் தறியை நிறுத்த வேண்டாம். சத்தம் எனக்குத் தொந்தரவே இல்லை.

அடுத்த குழந்தை வந்துவிட்டது, ஓடுகிறேன். முகிலன் மறுபடி போனைத் திருப்பினால் உடனே வாங்கிவிடாதீர்கள். அவன் தேடட்டும். அப்போது எனக்குத் திரையில் சுவரும் தறியும்தான் தெரியும். அவற்றையும் பார்த்து நாளாயிற்று.

உங்கள்
புவனா