சிவப்புப் பேனாவும் நடைபாலமும்

ஜூன் 3
இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் பாலம் கட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இன்று நகராட்சிப் பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழக்கதோஷம் — முதல் கோப்பிலேயே சிவப்புப் பேனாவால் கூட்டலைத் திருத்தி, ஆறு மார்க் போட்டு, தாமதத்துக்கு ஒன்று கழித்துவிட்டேன். தலைமை எழுத்தர் கோப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடம், இங்க கையெழுத்து போட்டாப் போதும்.”

ஜூன் 6
ஆபீசே மார்க்குக்கு அலைகிறது. வீட்டில் காலைக் காபிக்கு ஏழு போட்டேன். கணவர் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 11
பள்ளிக்கூடத்துக்குப் போகும் கால்வாய் நடைபாலம் ஆடுகிறதாம். போய் நின்று பார்த்தேன், ஆடத்தான் செய்கிறது. கோப்பில் பத்து வருடத்துக்கு முந்தைய ஆய்வறிக்கை: ‘முப்பது வருடம் தாங்கும்.’ அடியில் தொங்கும் குடிநீர்க் குழாயின் எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை! ‘பூஜ்யம். இவரை யார் பாஸ் போட்டது?’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

கீழே என் கையெழுத்து. நகராட்சி கேட்டதற்காக அப்போது எங்கள் கல்லூரி மாணவர்கள் அளந்து வந்ததை, நான் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றேன் எழுத்தரிடம்.

“தெரியும் மேடம். நீங்க அவ்வளவு ஆசையா எழுதிட்டிருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.”

ஜூன் 12
பாலத்தை மூடக் காரணம் எழுத வேண்டும். காரணம் நான். “அந்த ஒரு தாள் காணாமப் போனா, பாலம் பழசாயிடுச்சுன்னு மூடிடலாம்” என்கிறார் எழுத்தர். மனசு ஊசலாடுகிறது. வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பயம் — அய்யோ, இத்தனை வருஷம் எத்தனை பிள்ளைங்க அது மேல ஓடியிருக்கும்!

கணவரிடம் சொன்னேன். “அழிக்காதே, ஒரே கோடா அடி, தப்பு எல்லார் கண்ணுலயும் படணும்னு க்ளாஸ்ல கத்துவியே. அது பசங்களுக்கு மட்டும்தானா?”

காபிக்குப் பழிவாங்குகிறார்.

ஜூன் 13
‘முப்பது வருடம் தாங்கும்’ மேல் ஒரே கோடு. பக்கத்தில் காரணம், கையெழுத்து, தேதி. பாலத்தை மூடியாயிற்று.

ஜூன் 14
மூடல் பலகையில் யாரோ சாக்பீஸால்: ‘சுத்தி நடக்க வெச்சதுக்கு 2/10.’ என் மார்க் பழக்கம் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டதா?

ஆகஸ்ட் 20
குழாயைக் கழற்றிய அன்று, துருப்பிடித்த போல்ட் ஒன்று மேஸ்திரியின் கையோடு வந்தது. அதை என் மேஜையில் வைத்திருக்கிறேன். புது இரும்புத் தாங்கல்களோடு இன்று பாலம் திறந்தது. கோப்பை எழுத்தரிடம் நீட்டி, “எவ்வளவு?” என்றேன்.

“வேலைக்குப் பத்து மேடம். ஆனா பத்து வருஷம் லேட்டு. வருஷத்துக்கு ஒண்ணு கழிச்சா பூஜ்யம் வருது. பாத்துப் போடறேன்.”

என் பேனாவையே வாங்கி நாலு போட்டார்.

மறுகூட்டல் கேட்கவில்லை.