கிழித்த பத்துப் பக்கம்

நேற்று சாயங்காலம் என் பெரிய மகள் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, போனில் எதையோ படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். ஏதோ வெளிநாட்டு விண்வெளிப் போர்க் கதையாம். பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிறதாம். இவள் கதையைப் படிக்கவில்லை. கதையைப் படித்தவர்கள் எழுதிய கருத்துகளை மட்டும் படிக்கிறாள். ஒன்றை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "முதல் அஞ்சு பாகம் சூப்பர். அதுக்கப்புறம் ஒரே இழுவை. அடுத்த பாகம் எப்போ வரும்?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று என் போனை எடுத்துவிட்டேன். உன் பெயரைத் தேடி எடுத்த பிறகுதான் உறைத்தது. நீ போய் ஒரு மாதமாகிறது.

சரி, எழுதியாவது தொலைக்கிறேன். நீ எப்படியும் குறுக்கே பேசுவாய். பேசிக்கொள்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஒயர் கட்டும் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். வண்டிகளுக்குப் போகும் ஒயரை நிறம் பார்த்துச் சேர்த்து, கட்டி, டேப் சுற்றுவது வேலை. பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். நான் வாய் ஓயாமல் பேசுவேன், நீ கை ஓயாமல் சுற்றுவாய். பேச்சு நம் கதைப் புத்தகத்தைத் தொட்டால் மட்டும் உன் கை நின்றுவிடும். சூப்பர்வைசர் முறைப்பார்.

"தொலைவானப் படை" என்று ஒரு விண்வெளிப் போர்த் தொடர் நாவல். பொம்பளைகள் படிக்கிற கதையா அது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். போங்கடா என்று படித்தோம். மேனாம்பேட்டில் உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை நூலகம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு, உன் பெயரில். சனிக்கிழமை புத்தகம் எடுத்து ஞாயிறு முடிய நான் படிப்பேன். திங்கட்கிழமை சாப்பாட்டு மணிக்கு உன் கைக்கு வரும். அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுப்போம். முதலில் படிக்கிறவள் நான் என்பதால் கதையைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாய். அந்தச் சத்தியத்தை ஒரே ஒரு முறைதான் மீறினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தின் கடைசியில் வெறும் தாள் ஒன்று இருக்குமே, படித்தவர்கள் அதில் தங்கள் கருத்தை எழுதிவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். பெயர் போட மாட்டார்கள். நூலகக்காரர் திட்டிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். "சுமார்." "தளபதி வாழ்க." "பன்னிரண்டாம் பாகத்தில் வெடித்த கப்பல் இதில் எப்படி வந்தது? ஆசிரியர் தூங்குகிறாரா?" இந்தக் கப்பல்காரர் ஒருத்தர் எல்லாப் பாகத்திலும் ஒரு தப்பு பிடிப்பார். நான் தளபதி கட்சி. நீ எந்தக் கட்சியும் இல்லை. உன் தம்பி பட்டாளத்தில் இருந்தான் அல்லவா, உனக்கு வேறு கவலை.

"இத்தினி புக்கு வந்துகீது, ஒருத்தனாவது ஒரு வாய் சோறு துன்னானாமே? ஜெயிச்சிட்டோம் ஜெயிச்சிட்டோம்னு கத்தறானுங்களே, இவனுங்களுக்குக் கஞ்சி யாரு காச்சறது?"

இதையேதான் பின்தாளிலும் எழுதுவாய். யாரோ ஒருவர் அதற்குக் கீழே "அம்மா, இது சமையல் புத்தகம் இல்லை" என்று எழுதிவிட்டார். நீ விட்டாயா? "சோறு இல்லாம ரெண்டு நாள் சண்டை போட்டுக் காட்டுங்க சார்" என்று பதில் எழுதிவிட்டுத்தான் புத்தகத்தை மூடினாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் டேப் உருளை கீழே விழுந்து மிஷினடியில் போய்விட்டது.

அந்தத் தொடரில் உனக்குப் பிடித்த ஆள் ஒருத்தன்தான். சிப்பாய் இனியன். பெரிய வீரன் எல்லாம் இல்லை, செய்தி கொண்டுபோகிற பையன். ஊரில் அவனுக்கு ஒரு அக்கா மட்டும். ஒவ்வொரு பாகத்திலும் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுவான். "இவன் எங்க ஊட்டு ஆளுமே" என்பாய். புத்தகம் கைக்கு வந்ததும் நடுவில் புரட்டி அவன் கடிதத்தைத்தான் முதலில் படிப்பாய்.

நமக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, தொண்ணூறுகளும் முடியப்போன சமயம் அது. ஸ்டூல் மாறவில்லை, கார்டும் மாறவில்லை. வடக்கே பனிமலையில் சண்டை என்று டிவியில் செய்தி வந்தது. உன் தம்பி அங்கேதான் இருந்தான். நீ இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மாதம் இரண்டு கடிதம் போடுகிறவனிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தாலே உன் அம்மா உள்ளே போய்விடுவார்கள். நீ வேலைக்கு வந்தாய், ஒயர் கட்டினாய், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாய். நான் கேட்டால், "வந்துடுவான்மே" என்பாய்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து வந்தது புதுப் பாகம். நூலகத்துக்கு வந்து பத்துப் பன்னிரண்டு நாளாகியிருந்தது, நம் முறை அப்போதுதான். ஞாயிறு மத்தியானம் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுப் படித்தேன். கடைசிப் பத்துப் பக்கத்தில் இனியன் செத்துப்போனான். அவன் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை அக்காவிடம் யாரோ கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்த எழுத்தாளன் மட்டும் எதிரே இருந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பேன். இதை எப்படி உன் கையில் கொடுப்பேன்? சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, என் வீட்டுக்காரரின் ஷேவிங் பிளேடை எடுத்து வந்து, அந்தப் பத்துப் பக்கத்தையும் அடியோடு அறுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கொடுக்கும்போதே சொன்னேன், "கடைசி பத்து பக்கம் காணோம்மே. எவனோ கிழிச்சிகீறான் பாவி."

"ஐயய்யோ. அப்போ இனியன் இன்னா ஆனான்?"

"லைப்ரரிக்காரரு முன்னாடியே படிச்சிட்டாராம், கேட்டேன். கப்பல் வந்து தூக்கிக்கினு போயிடுதாம். பொழைச்சிக்கிறானாம். சோறு கூட துன்றானாம்."

சோறு நானே சேர்த்தது. நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "அப்பாடா" என்றாய். அன்றைக்கு டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். எனக்கு அவ்வளவு பெருமை. அந்த வாரம் முழுக்க இனியனுக்கு என்ன வைத்தியம் நடந்தது, நர்ஸ் என்ன சொன்னாள் என்றெல்லாம் நானாகவே கதை கட்டிக்கொண்டிருந்தேன். நீயும் உம் கொட்டினாய்.

சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வழக்கப்படி என் கருத்தை எழுதலாம் என்று பின்தாளைத் திருப்பினேன். என் மூளையை எங்கே அடகு வைத்திருந்தேனோ, பக்கத்தை அறுத்தவள் அந்தத் தாளை மறந்துவிட்டேன்! "இனியனைக் கொன்றது அநியாயம்." "அக்கா கடிதம் படிக்கும் இடத்தில் அழுதுவிட்டேன்." கப்பல்காரர்கூட அந்த முறை தப்பு எதுவும் பிடிக்கவில்லை. "பாவம், சின்னப் பையன்" என்று மட்டும் எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் உன் கையெழுத்து:

"கடைசி பத்து பக்கம் இல்லை. இனியன் உயிரோடதான் இருக்கான், என்கூட வேலை செய்யற பொண்ணு சொல்லிச்சு. மேலே எழுதினவங்க எல்லாம் தப்பா படிச்சிருக்காங்க."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கம் கிழிந்ததற்கு நூலகக்காரர் கத்தியது எதுவும் காதில் விழவில்லை. ஆனால் திங்கட்கிழமை அதைப் பற்றி உன்னிடம் நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை. இனியனுக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன், நல்லது என்று நீ சொன்னாய்.

உன் தம்பி வந்தான். பனியில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு, மற்றபடி முழுசாக வந்தான். தெருவே கூடியது. என் பொய்தான் உன்னைத் தாங்கியது என்று நானும் இத்தனை வருஷம் மனசுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். நீ அதைத் தெரிந்தே வாங்கிக்கொண்டாய், அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். பிரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

இந்த வருஷம் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் சொன்னாய். ஜூஸ் குடித்துவிட்டு, ஏதோ காய்கறி விலை பேசுவதுபோல ஆரம்பித்தாய்.

"தம்பி வர்ற வரைக்கும் அந்த நாப்பது நாளு எனக்கு எப்டி இருந்துச்சு தெரிமா? அம்மா கைல சொல்ல முடியாது. உங்கைலயாவது 'அவன் செத்துட்டிருப்பானோ'ன்னு ஒரு வாட்டி கேட்டு அழலாம்னு தினம் நினைப்பேன். நீ எங்க உட்டே? இனியன் இட்லி துன்றான், இனியன் நடக்கறான்னு ஆசையா சொல்லிக்கினே இருந்தே. உன் மனசு நோவக் கூடாதுன்னு நான் நம்பற மாதிரி டபாய்ச்சிக்கினு இருந்தேன். ஊட்டுக்குப் போய் கக்கூஸ்ல உக்காந்து அழுவேன்மே."

திட்டவில்லை நீ. சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உனக்குத் துணையாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நாற்பது நாள் உன்னைத் தனியாகப் பயப்பட விட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து உன் ரிப்போர்ட் வந்தது. இங்கிலீஷ். உன் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதில் இருந்ததை விளக்கிச் சொல்லிவிட்டு, "அத்தே, அம்மாகிட்ட சொல்லாதீங்க, நல்லா கீதுன்னு சொல்லிடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணைப் பார்க்கவே முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

நீ எழுந்து உட்கார்ந்து, "இன்னா எழுதிகீறான்?" என்றாய்.

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்து, தெரிந்த தமிழில் சொன்னேன். எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. நடுவில் குரல் உடைந்தபோது நிறுத்திவிட்டுத் திரும்பப் படித்தேன். உன் மகன் வாசலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. பேசுவதில்லை.

முடித்ததும் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தாய்.

"பயமா கீதுமே" என்றாய்.

"எனக்கும்தான்டி" என்றேன்.

அப்புறம் நீ வாய்விட்டு அழுதாய், நானும் அழுதேன். அதன் பிறகு பதினெட்டு நாள் இருந்தாய். தினம் வந்து உட்கார்ந்தேன். தினம் கொஞ்சம் பயந்தோம், கொஞ்சம் சிரித்தோம். இப்போது என் பங்குப் பயம் மட்டும் என்னோடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நேற்று உன் பெயரைத் தேடினேனோ என்னவோ.