ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடைத்த ஷெட்

ஆபா,

இன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைத் திறந்ததும், அந்தச் சிவப்புத் தோல் துண்டிலிருந்து சொல்யூஷன் வாசனை வந்தது. ஷூவுக்கு மேல்தோல் ஒட்டுகிற அந்தப் பசை வாசனையோடுதான் எனக்கு உன்னைத் தெரியும். ஆம்பூர் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்த காலத்திலிருந்து உன் துப்பட்டாவில் அதே வாசனைதான். உன் வீட்டில் அக்காவை ஆபா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது நம்மையும் சேர்த்துத்தான் வெளியே அனுப்பினார்கள். கேட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நின்ற எங்களை நீதான் அதட்டினாய்.

"இன்னாத்துக்கு அழுவுறீங்க? மிஷின்தானே அவங்களுது? தைக்கிற கை நம்மளுதுதானே?"

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். வேலை போன பெண்களெல்லாம் சேர்ந்து குழு ஆரம்பித்ததும் பயிற்சி கொடுத்தார்கள். மிஷினுக்கு மானியம் கொடுத்தார்கள். தொழிற்பேட்டையில் கரண்டோடு ஒரு ஷெட்டும் கொடுத்தார்கள். சாவி வாங்கிய அன்று நீ அதற்கு முத்தம் கொடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஷெட் ஹைவேக்கு அந்தப் பக்கம். பஸ் நிற்பது இந்தப் பக்கம். சுரங்கப்பாதைக்கு வெகுதூரம் நடக்க வேண்டும், மழை பெய்தால் அதிலும் தண்ணீர் நிற்கும். ஜீப்பில் வந்து இடம் பார்த்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

அதனால்தான் நீ கட்டிங்கில் மிஞ்சிய சிவப்புத் தோலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்குவாய். நாங்கள் கை கோத்துக்கொண்டு பின்னாடி வருவோம்.

"டேய் லாரி, நில்லுடா! கல்யாண ஊர்வலம் போவுது!"

"மாப்பிள்ளை எங்க ஆபா?" என்பேன் நான்.

"கரண்டு கட்டாயி ஷெட்டுல படுத்துக்கினு கீறான். போய் எழுப்பு."

லாரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே நிறுத்துவார்கள். எல்லாரும் இல்லை.

பஸ் ஷெட் வரைக்கும் வரவேண்டும், இல்லையென்றால் ரோட்டைத் தாண்ட ஒரு வழி செய்துதர வேண்டும் என்று நீ போகாத ஆபீஸ் இல்லை. கடைசியில் ஓர் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அன்று ஷெட்டைப் பெருக்கி வைக்க நீ முன்னாடியே கிளம்பிவிட்டாய். புதுத் துடைப்பத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, தோல் துண்டை என்னிடம் நீட்டினாய்.

"இத நீ வெச்சிக்கோ. ஆபீசர் முன்னாடி செவப்பத் தூக்கினா, கட்சிக்காரங்க தகராறுக்கு வந்துட்டாங்கன்னு நெனச்சிப்பாரு. காரியம் கெட்டுடும்."

"தனியாவா போற?"

"எனக்கு இன்னா, ரோடு புதுசா?"

நாங்கள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியபோது ரோட்டில் கூட்டம். புதுத் துடைப்பம் ஓரமாகக் கிடந்தது. வண்டிகள் நின்ற வரிசையில் அதிகாரியின் ஜீப்பும் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் இறங்கி நடந்து வந்தார்.

"யாரும்மா இவங்க?"

"உங்கள வரச் சொல்லி மனு குடுத்தவங்க சார்," என்றேன்.

அவர் உன்னைப் பார்த்துக் கைகூப்பினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதை வைத்து நான் என்ன செய்வது ஆபா?

அதன்பிறகு ஷெட் பூட்டியே கிடந்தது. இப்படியே பூட்டிக் கிடந்தால் வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வீடுகளிலோ யாரையும் அனுப்ப மாட்டேன் என்றார்கள். "ஷெட்டாவது மண்ணாவது, உசுரோட இருந்தா போதும்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் இன்றைக்கு மிஷினும் நம்முடையது. அதைத் துருப்பிடிக்க விட்டால் நீ எதற்காகச் செத்தாய் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

போன வாரம் திறந்தோம். எல்லாரும் வரவில்லை. உன் மிஷினில் யாரும் உட்காரவுமில்லை. ரோட்டை அளந்துகொண்டு போயிருக்கிறார்கள், வழி வரும் என்கிறார்கள். வரட்டும்.

உன்னைப்போல் எனக்குக் கத்த வராது ஆபா. துண்டைத் தூக்கிப் பிடிப்பதோடு சரி. இன்று காலை நிறுத்திய லாரிக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, "கல்யாண ஊர்வலம்னு கத்துமே, அந்தம்மா எங்கம்மா?" என்று கேட்டார்.

கடைசிப் பெண் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை, தூக்கின கையை இறக்காமல் நடுரோட்டில் நின்றேன்.