இன்னொரு நொதியம்

என்ரை கஜன் மச்சான்,

உன்ரை முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி உன்ரை அப்பா கேட்டவர். தேவாரம், குடும்ப வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் அச்சகத்துக்குப் போயிட்டுது. என்ரை பக்கம்தான் மிச்சம். உனக்கே எழுதுறன். சனம் வாசிச்சால் வாசிக்கட்டும்.

நேற்று சாவகச்சேரிக்கு, உங்கடை வீட்டுக்குப் போனன். "தம்பி, பிள்ளை ஆயுசைக் கூட்டிற மருந்து கண்டுபிடிச்சவன் எண்டு எழுதும்" எண்டார் அப்பா.

"மருந்தில்லை ஐயா. பற்றீரியாவுக்குள்ளை ஆர்.என்.ஏ எண்டொரு செய்தி இருக்கு. அதின்ரை முனையை ஒரு நொதியம், என்சைம், வெட்டிவிடும். வெட்டினால் செய்தி அழியும். அந்த நொதியம் இல்லாட்டில் செய்தி தப்புமோ எண்டுதான் கஜன் பார்த்தவன்."

"தப்பினால் எவ்வளவு காலம் இருக்கும்?"

"கூடினால் சில நிமிஷம்."

"சில நிமிஷத்துக்கோ என்ரை பிள்ளை இவ்வளவு வருஷம் மினக்கெட்டவன்?"

ஓம் எண்டன். நீயெண்டால் ஏதேனும் பகிடி விட்டுச் சமாளிச்சிருப்பாய். அம்மா எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டா.

எங்கடை ஆய்வுகூடத்திலை நீ செய்த கடைசிச் சோதனை நினைவிருக்கோ? நொதியத்தை நீக்கின பற்றீரியாவிலும் செய்தி அழிஞ்சுது. "இன்னொரு நொதியம் இருக்கு மச்சான்" எண்டாய். "விசரா, கையுறை மாத்தாமல் தொட்டிருப்பாய். உன்ரை வேர்வைதான் அழிச்சது" எண்டன். "அப்ப நீயே செய்து பாரன், பெரிய சுத்தக்காரன்!" அடுத்த நாள் உன்ரை மோட்டார் சைக்கிளோடை லொறி மோதினது.

போன கிழமை, நொதியம் நீக்கின அதே பற்றீரியாவில், கையுறை மாத்தி மாத்தி நானே செய்தன். முதலில் எடுத்த ஆர்.என்.ஏ முழுசா இருந்தது. சில நிமிஷம் பிந்தி எடுத்ததில் ஒண்டுமில்லை. வேர்வையெண்டால் முதலில் எடுத்ததையுமெல்லோ அழிச்சிருக்கும்? உன்ரை கை சுத்தம்தான் மச்சான். உனக்கு அனுப்பவெண்டு படம்கூட எடுத்திட்டன். பிறகுதான் நினைவு வந்தது.

இதையும் அப்பாவுக்குச் சொன்னன்.

"அப்ப மருந்தை விடும். பிள்ளை சொன்னது சரி எண்டு எழுதும்" எண்டார். பிறகு, "அந்த மற்ற நொதியத்தை ஆர் தேடுறது?"

நான் தேடுறன். கிடைச்சால் ஆய்வுக்கட்டுரையில் உன்ரை பேர்தான் முதலில் வரும். கிடைக்காட்டில், கிடைக்கேல்லை எண்டு அப்பாவுக்கு முன்னாலை இருந்து நானே சொல்லுவன்.

உன்ரை மச்சான்,
ரமணன்