கோழிக்கூட்டுக் கதவைத் திறக்க ஆணை வேண்டி நெடுங்கணவாயிலிருந்து விடுத்த ஓலை

மாரி பிழையாதிருக்க, மண் விளைந்திருக்க, மன்னர்பிரான் குடைநிழலில் எவ்வுயிரும் இனிதிருக்க. வெண்கோடபுரத்து அரியணைக்கு வலப்புறம் நிற்கும் பேறு பெற்றவரும், எட்டு வாயில்களின் திறவுகோல் காப்பவரும், பொன்முதிர் நாட்டு முதலமைச்சருமாகிய அணிமங்கலமுடையார் திருமுன்பு, வடவெல்லை நெடுங்கணவாய்க் கோட்டைக் காவலதிகாரி ஏறன் சாத்தன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. எல்லைக் காவலர் அரசவைக்கு எழுதுங்கால் தம்மைப் பிறர்போல் வைத்தே எழுதவேண்டும் என்பது மரபாதலின், இதில் வரும் சாத்தன் இதை எழுதுகின்ற சாத்தனே என்று கொள்க.

அமைச்சர்பிரான் நலமா, திருமனையில் யாவரும் நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. இவ்விடத்தில் யாவரும் நலம் என்று எழுதுவதும் முறைதான். அதை எழுதச் சாத்தனுக்குக் கை வரவில்லை.

மலைநாட்டாரோடு நமக்கிருந்த பூசல் தீர்ந்தபோது, அவர்கள் தம் வழக்கப்படி பதினொரு பெட்டையும் ஒரு சேவலுமாகப் பிணைக்கோழி கொடுத்ததைத் திருவுள்ளம் அறியும். கொண்டவர் மூன்று திங்கள் அவற்றை வளர்த்து, முழுநிலா நாளில் தூதர் முன் உயிரோடு எண்ணிக் காட்டவேண்டும். எண்ணிக்கை குறையாதிருந்தால் பகை முடிந்தது. அதுவரை நம் பக்கத்திலிருந்து ஓர் ஆளை அவர்களிடம் பிணையாக விடவேண்டும். அவ்வாறு போனவன் சாத்தனின் தம்பி கூத்தன். கோழி ஒன்று குறைந்தாலும் கூத்தன் திரும்பமாட்டான். ஒரு கோழியின் வயிற்றுப்போக்கில் ஒரு மனிதனின் உயிர் தொங்குவது விந்தைதான். ஆனால் உடன்படிக்கையில் கைந்நாட்டு வைத்தவர் வெண்கோடபுரத்தார், சாத்தன் அல்லன்.

கோழிகள் வந்த அன்றே கூடு கட்ட மரம் வேண்டி ஓலை விடுத்தான். விடையில்லை. மறுபடி விடுத்தான். மூன்றாவது ஓலைக்கு மட்டும், கோழிகள் என்ன நிறம் என்று கேட்டு விடை வந்தது. இதற்கிடையில் கோழிகளைக் கவிழ்த்து மூடியிருந்த பஞ்சாரக் கூடையைக் கீரி வந்து புரட்டிப் போட்டது. சேவல் ஊரைக் கூட்டியதால் பன்னிரண்டும் பிழைத்தன. இனிப் பொறுப்பதில்லை என்று சாத்தன், கோட்டைத் தச்சன் மாகாளனை அழைத்துக்கொண்டு, கழித்துப் போட்ட பண்டங்கள் குவிந்து கிடந்த பின்கட்டுக்குப் போனான்.

அங்கே கிடைத்ததைக் கொண்டு கட்டிய கூடு அது. கீரி ஏறாதபடி உடைந்த தேரின் நான்கு சக்கரங்கள் மேல் தூக்கி நிறுத்தினார்கள். முறிந்த ஈட்டிக் காம்புகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு நட்டுச் சுவராக்கினார்கள். இன்னும் சிலவற்றைக் குறுக்கே கட்டி, கோழி நின்று உறங்கக் கொம்பாக்கினார்கள். கூரைக்குக் கிழிந்த கேடயத் தோல். முட்டையிட ஒடுங்கிய தலைக்கவசங்களில் வைக்கோல் திணித்து வைத்ததும், பெட்டைகள் போட்டி போட்டுக்கொண்டு ஏறி அமர்ந்தன. கதவுக்கு மட்டும் பலகை கிடைக்கவில்லை. கரி அப்பிக் கிடந்த பழைய கதவு ஒன்றை மாகாளன் இழுத்து வந்தான், அளவு பொருந்தியது, மாட்டினார்கள். ஒரு காசு செலவில்லை. இருபத்திரண்டு ஆண்டுச் சேவகத்தில் சாத்தன் தன் கையால் செய்து தானே மெச்சிக்கொண்டது அது ஒன்றுதான்.

எட்டு நாளைக்கு முன், நண்பகலில் பெருமழை பிடித்துக்கொண்டது. கோழிகளை விரட்டி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். மழை ஓய்ந்து பார்த்தால், கரி கழுவிப்போய்க் கதவின் நடுவே மன்னர்பிரானின் இரட்டை யாளி முத்திரை பளிச்சென்று நிற்கிறது. அது பழைய பண்டாரசாலைக் கதவு.

முத்திரை தாங்கிய கதவு அடைபட்டால், அரசாணை இன்றி எவரும் அதைத் திறத்தலாகாது. சுவரைப் பிரித்து நுழைந்தால் கன்னம் வைத்த குற்றம். உடைத்தால், உடைத்த கை மணிக்கட்டோடு போகும். இது அமைச்சர்பிரானுக்குத் தெரியாததன்று. நாற்பது வீரரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோழிக்கூட்டின் முன் விழுந்து வணங்கினார்கள். அன்றுமுதல் காலையும் மாலையும் வணங்குகிறார்கள். தீனியை இடுக்கு வழியே தூவுகிறார்கள், நீரை மூங்கில் குழாயால் விடுகிறார்கள். உள்ளே எட்டு நாள் எச்சம் கணுக்கால் அளவு.

மூன்று நாளாகக் கருஞ்சிறகுப் பெட்டைக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டிருக்கிறது. தலையைத் தொங்கவிட்டு மூலையில் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்காவிட்டால் மற்றவற்றையும் பற்றும் என்று சாத்தனின் மனைவி பூதி சொல்லிவிட்டாள். கூத்தனுக்குத் தாய் இறந்த நாள்முதல் சோறூட்டி வளர்த்தவள் அவள். அரசாணை வரட்டும் என்று சாத்தன் சொன்னதற்கு, முத்திரையைக் கும்பிட்டு நிற்பவர்கள் கொஞ்சம் விலகி நின்றால் கோழிக்குக் காற்றாவது வருமே என்று அவள் மறுமொழி கூறினாள்.

இரண்டு முறை சாத்தன் கோடரியை எடுத்தான், இரண்டு முறையும் கீழே வைத்தான். கையை இழக்கும் அச்சம் இல்லை என்று எழுதினால் பொய்யாகும். அதைவிடப் பெரிதாக ஒன்று உண்டு. அந்த யாளிகளைக் கண்டதும் அவன் தலை தானே தாழ்ந்துவிடுகிறது. தம்பி மலையில் இருக்கிறான் என்பது நெஞ்சுக்குத் தெரிகிறது, கழுத்துக்குத் தெரியவில்லை. தன்மேல் அவனுக்கே அருவருப்பாயிருக்கிறது.

இவ்வோலை வெண்கோடபுரம் சேர எட்டு நாள், விடை வர எட்டு நாள். முழுநிலாவுக்குப் பத்து நாளே உள்ளது. இந்தக் கணக்கைச் சாத்தனும் போட்டுப் பார்த்தான். ஆயினும் எழுதுவதன்றி அவனால் ஆவது வேறொன்றும் இல்லாமையால், கதவைத் திறக்க அருள்கூர்ந்து ஆணை தருமாறு

இவ்விடத்தில் எழுத்தாணி நின்றது. பின்கட்டிலிருந்து மரம் பிளக்கும் ஓசை கேட்டு, சாத்தன் போய்ப் பார்த்துத் திரும்பி வந்து எழுதுகிறான். பூதி உடைத்துவிட்டாள். கதவு இரண்டாகக் கிடக்கிறது. வீரர் நாற்பதின்மரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். கருஞ்சிறகுப் பெட்டை அவள் மடியில் இருக்கிறது; நீர் குடித்தது. எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டும் உயிரோடு உள்ளன.

ஆகவே மேலே வேண்டிய ஆணை இனி வேண்டியதில்லை. சட்டத்தில் இன்னொரு வரி உண்டு: காவலதிகாரி ஏவி ஒருவர் உடைத்திருப்பின், உடைத்தவர்மேல் குற்றமில்லை, ஏவியவன் கையே போகும். அதனால் இதனைப் பதிந்துகொள்க. நெடுங்கணவாய்க் காவலதிகாரியின் ஆணை: பூதி, கதவை உடை. முதல் வெட்டு விழும் முன்பே இவ்வாணை இடப்பட்டது. அவளை அழைத்து உசாவ வேண்டாம். கேட்டால் மறுத்துப் பேசுவாள், அவள் பிடிவாதம் அத்தகையது.

கூத்தன் வீடு வந்து ஒருவேளை உண்டபின், சாத்தன் தானே வெண்கோடபுரம் வந்து நிற்பான். சேவகர் எவரையும் அனுப்பி வருந்தவேண்டாம். அரக்கிட்டு இலச்சினை ஒற்றப்பட்டது. செங்கோல் நீடு வாழ்க.

இவை ஏறன் சாத்தனின் வலக்கை எழுத்து.