முன்சக்கர பேரிங்

ஜூலை 7, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கே வெயில். அம்மா அப்பா பெங்களூர் கட்டட வேலைக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். வீட்டில் நானும் பல்லியும். உப்புமா. உப்பும் இல்லை, மாவும் இல்லை. ரவைதான்.

ஒரு குறும்பு. நண்பன் தினேஷோட அப்பா (எனக்கு மாமா) பைக்கின் முன் மட்கார்டுக்குள் ஜூஸ் பாட்டில் துண்டு ஒன்றைச் செருகினேன். சக்கரம் சுற்றினால் கர்ர்ர். காரிமங்கலம் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை மனுஷன் மண்டையைச் சொறியணும். மாலையில் நானே எடுத்துக் காட்டிச் சிரிக்கவைப்பதாகத் திட்டம்.

மாலையில் போனால் சக்கரம் தரையில். மாமா கம்பி வைத்துச் சுத்தியலால் அடித்து இரண்டு பேரிங்கையும் வெளியே எடுத்திருந்தார்.

"சத்தம் கேட்டதுமே சொல்லிட்டேன்டா, பேரிங்குன்னு. இருவது வருசமா வண்டி ஓட்டறேன், காது பொய் சொல்லுமா?"

விரலில் மாட்டிச் சுற்றிக் காட்டினார். கரகர. அது அடித்ததில் வந்த கரகர. அதற்கு முன் நன்றாக இருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

துண்டை உருவிப் பாக்கெட்டில் போட்டேன். அவருக்கு பேரிங் போச்சு. சொன்னால் எனக்குப் பேரே போச்சு.

தினேஷ் அம்மா (எனக்கு அத்தை) தட்டு வைத்தார். "நீயும் உக்காரு கண்ணு." ராத்திரிச் சாப்பாடு தினமும் இங்கேதான். சொன்னால் அதுவும்.

ஜூலை 9, புதன்

வெயில். இரண்டு நாளாக மாமா பஸ்ஸில். இன்று புது பேரிங், அதை மூடும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வாங்கிவந்தார். நானே மாட்டுகிறேன் என்றேன். வீடியோ பார்த்து எழுதிவைத்தது:

- பேரிங் ஒரு மணி நேரம் ஃப்ரீஸரில். சுருங்கினால் சுலபமாக இறங்கும். (அத்தை: "இதென்னடா, இரும்பு ஐஸா?")
- சக்கரக் குழியில் பொட்டு மணல் கூடாது.
- வெளி வளையத்தில் மட்டும் தட்டு. உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் தழும்பு போடும்.
- ஒரு பேரிங் போட்டதும், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குழாய். மறந்தால் மறுபடி பிடுங்கணும்.
- சீல் உதட்டில் கிரீஸ். ஸ்பிரிங் உள்பக்கம்.

மாமா சீலைத் திருப்பி வைத்தார்.

"மாமா, அது வாய் உள்ளாற பாத்து இருந்தாத்தாங்க கிரீஸ் வெளிய வராது."

"உன் வாய்க்கு ஒண்ணு மாட்டணும்டா!"

தினேஷ் உருண்டு சிரித்தான். நானும், பாதிவரை.

புதியதன் மேல் பழைய பேரிங்கை வைத்துத் தட்டினேன். டங், டங், கடைசியில் டொக். உட்கார்ந்துவிட்டது. மாட்டி ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"பாத்தியா, நான் சொன்னது சரிதானே?"

ஆமாங்க என்றேன். ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காற்று. மாமா தன் காதின் பெருமையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். மாலை பக்கத்துத் தெரு டெய்லர் தன் வண்டியோடு வந்தார். "என்னுதும் சத்தம் போடுது, பாருப்பா." ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "பேரிங்" என்றார் மாமா. கம்பி, சுத்தியல் கைக்கு வந்துவிட்டன.

"வேணாங்க மாமா. செயின்தான் லூசு. அன்னைக்கும் பேரிங் இல்லீங்க."

எல்லாம் சொன்னேன். பிளாஸ்டிக் துண்டையும் காட்டினேன்.

டெய்லர் சிரித்தார். "இருவது வருசக் காதுன்னியேப்பா!"

மாமா சுத்தியலைக் கீழே வைத்து உள்ளே போனார். தினேஷ் என்னைப் பார்க்காமல், "உங்க வூட்டுக்குப் போடா."

ஜூலை 12, சனி

மேகம், மழை இல்லை. ரவை, ரவை. போனில் அம்மா: "சாப்டியா?" அத்தை வீட்டில் தோசை என்றேன். எத்தனை என்று கேட்டார். நாலு.

ஜூலை 14, திங்கள்

பஸ் நிறுத்தத்தில் மாமா. வண்டியை எடுக்கவே இல்லையாம். என்னோடு வராமலிருக்க தினேஷ் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டான்.

"மாமா, வண்டி இப்ப நல்லாத்தாங்க இருக்கு."

"முன்னயும் நல்லாத்தான் இருந்துச்சு."

பஸ் வந்தது. அவர் ஜன்னலோரம், பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பை. இரண்டு பேர் கேட்டும் எடுக்கவில்லை. நான் கம்பியைப் பிடித்து நின்றேன். ஏரிக்கரை தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்தேன்.